சொறி பிடித்த நாயைக் குணப்படுத்தலாம்

கேளம்பாக்கம் பக்கத்துத் தெருக்களில் முடி கொட்டி, தோல் தடித்து, ஓயாமல் சொறிந்துகொள்ளும் நாய்களைப் பார்க்கலாம். பார்த்ததும் வெறிநாய் என்று பயந்து கல்லெறிகிறவர்களும் உண்டு. சொறி வேறு, வெறி வேறு. வெறிநோய் வைரஸால் வருவது. சொறியோ உண்ணிக்கு உறவான நுண்ணிய பூச்சியால் வருவது. மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனால் எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

நாய்களுக்கு வரும் சொறியில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது, சார்கோப்டிஸ் என்ற பூச்சியால் வருவது. பெண் பூச்சி மேல்தோலைக் குடைந்து உள்ளே முட்டையிடும். அரிப்பு தாங்க முடியாது. காது ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு, வயிறு ஆகிய இடங்களில் முதலில் முடி கொட்டிப் பொருக்குத் தட்டும். காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்தால் பின்னங்கால் தானாகவே சொறிய எழும். மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. இது மற்ற நாய்களுக்கு வேகமாகத் தொற்றும். தொட்டுப் பழகும் மனிதர்களுக்கும் கையிலும் இடுப்பிலும் அரிக்கும் தடிப்புகள் வரலாம். நாய் குணமானால் பெரும்பாலும் அவையும் அடங்கிவிடும்.

இரண்டாவது, டெமோடெக்ஸ். தாயிடம் பால் குடிக்கும்போதே குட்டிக்கு வந்து, முடிக்கால்களில் அமைதியாக வாழும் பூச்சி இது. எதிர்ப்புச் சக்தி குறையும்போது பெருகி, கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் வட்ட வட்டமாக முடி கொட்டும். தொடக்கத்தில் அரிப்பு அதிகம் இருக்காது. மனிதருக்குத் தொற்றாது.

எது என்று அறிய, மருத்துவர் மழுங்கிய பிளேடால் லேசாக ரத்தம் கசியும்வரை தோலைச் சுரண்டி, நுண்ணோக்கியில் பார்ப்பார். சார்கோப்டிஸ் பல நேரம் சிக்காது. ஆகவே பூச்சி தென்படாவிட்டாலும் அறிகுறிகளை வைத்தே மருந்து தொடங்குவார்கள்.

பழைய இஞ்சின் ஆயிலையும் மண்ணெண்ணெயையும் தயவுசெய்து ஊற்றாதீர்கள். புண்ணான தோலை அவை எரிக்கும். நாய் நக்கும்போது வயிற்றுக்குள் போய் நஞ்சாகும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை நாமாக வாங்கிப் போடுவதும் ஆபத்து. கோலி போன்ற சில இன நாய்களுக்கு, மரபணுக் குறையால், அதன் அளவு சற்றுக் கூடினாலே உயிர் போகலாம்.

பிடிக்க முடியாத தெருநாய்க்கும் வழி இருக்கிறது. ஃப்ளூரலானர் போன்ற மாத்திரைகளை இறைச்சித் துண்டில் வைத்துக் கொடுக்கலாம். நாயின் படம், ஏறத்தாழ எடை, வயது, சினையாக இருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா என்ற விவரங்களோடு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பூச்சியின் வாழ்க்கைச் சுற்று ஏறத்தாழ மூன்று வாரம். ஒரே தவணையோடு நிறுத்தினால் சொறி திரும்ப வரலாம். மருத்துவர் சொன்ன தவணை முழுவதையும் முடியுங்கள், கூடத் திரியும் நாய்களுக்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். தினமும் சோறு வைக்கிறவரை நாய் நம்பும். அதனால் இந்த வேலையை அவரே எளிதாகச் செய்ய முடியும்.