கரிசல் காட்டுப் பள்ளிகள் – 9: குச்சி எண்ணும் கைகள்

திண்ணைப் பள்ளிக்கூடத்து உவாத்தியாரையும் அவர் பரப்பிய மணலையும் பற்றிச் சென்ற வாரம் சொன்னதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. 1789-இல் எழும்பூரில் ராணுவத்தார் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இந்நாட்டுப் பாலர்கள் தரை மணலில் விரலால் அட்சரம் எழுதுவதைக் கண்டு, அதையும், மூத்த மாணாக்கனைக் கொண்டு இளையவனுக்குப் பாடம் சொல்லிவைக்கும் ஏற்பாட்டையும் தம் விடுதியில் கையாண்டு, 1797-இல் லண்டனில் அதை ஒரு சிறு நூலாகவும் அச்சிட்டார். 'மதராஸ் முறை' என்ற நாமதேயத்தோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. நம் சட்டாம்பிள்ளைக்குத்தான் அதில் பங்கு கிடைக்கவில்லை.

வாஞ்சிநாதன் 1911-இல் கலெக்டர் ஆஷைச் சுட்ட ரயிலடி என்ற கீர்த்தியோடு சரித்திரப் பாடத்தில் ஒரே வரியில் முடிந்துபோகும் மணியாச்சியைச் சுற்றி, மானம் பார்த்த கரிசலில் கம்பும் உளுந்தும் விதைத்துப் பிழைக்கும் ஊர்களில், சர்க்கார் ஏட்டில் அங்கன்வாடி என்றும் ஜனங்கள் வாயில் பால்வாடி என்றும் வழங்கும் கட்டடங்கள் உண்டு. 1975-ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தின் வழியாக வந்தவை இவை.

அப்படியொரு பால்வாடியின் காலைப் பொழுது. பாட்டும் ஆட்டமும் ஓய்ந்து டீச்சர் தரையில் புளியமுத்தைக் கொட்டியதும், நாலு வயதுச் சிறுமி ஒருத்தி எண்ணத் தொடங்குகிறாள். 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று வாய் முந்தி ஓட, விரல் பின்தங்கி, ஒரு முத்தை இருமுறை தொட்டு, ஏழு முத்துக்கு ஒன்பது என்று கணக்கு முடிகிறது.

"பைய எண்ணு தாயி. எண்ணுனத அங்கிட்டு ஒதுக்கி வச்சுக்கோ."

ஒதுக்கி வைத்ததும் ஏழு வந்துவிடுகிறது. பிறகு அதே ஏழையும் இடைவெளி விட்டுப் பரப்பி, "இப்ப கூடியிருக்கா, அம்புட்டுத்தானா?" என்று டீச்சர் கேட்க, "கூடியிருக்கு" என்று சந்தேகமே இல்லாமல் பதில் வருகிறது. சுவிட்சர்லாந்து மேதை ழான் பியாஜே, குழந்தைகளின் இந்தப் பதிலை ஆராய்ந்து 1941-இல் புத்தகமே எழுதினார். எண்ணின் பெயரை ஒப்பிப்பது வேறு, எண்ணிக்கையை அறிவது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குழந்தையின் கைதான் கடக்க வேண்டும்.

எழுத்திலும் அதே கதைதான். அகரத்தில் தொடங்குவது சம்பிரதாயம். ஆனால் 'அ'வின் சுழியும் வளைவும் பிஞ்சு விரலைப் படுத்துகிற பாட்டுக்கு, இரண்டு மூன்று கோட்டில் முடிந்துவிடும் 'ட'வும் 'ப'வும் எவ்வளவோ தேவலை. அதற்கும் பென்சிலைவிட மணலே உகந்தது என்பது என் அபிப்பிராயம். பெற்றோரோ நோட்டைப் புரட்டி, எழுத்தைக் காணாவிட்டால் மறு வருஷமே இங்கிலீஷ் பள்ளி வேனைத் தேடிப் போகிறார்கள்.

கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்தில் குழந்தையின் கைக்கு வேறொரு கணக்கும் வாய்த்திருந்தது. மழை பொய்த்த வருஷங்களில் குடும்பங்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸே கதியாயிருக்க, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விடியுமுன் ஊருக்குள் வந்து நிற்கும் பஸ்ஸில், தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றியனுப்பினார்கள். சட்டத்தில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் அந்தக் கைகள் பழகின. 144 பெட்டி ஒரு குரோஸ், 600 பெட்டி ஒரு பண்டல் என்பதெல்லாம் வாய்பாடு படிக்காமலே அவர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கில் கூலி எவ்வளவு என்பது கணக்கப்பிள்ளைக்குத்தான் தெரியும். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. பிறகு இயந்திரங்கள் வந்தன. பிள்ளைகள் மெல்ல மெல்லப் பள்ளிக்குத் திரும்பினார்கள்.

இன்று ஒன்றாம் வகுப்பில், 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' பாடத்துக்கு, மருந்து தோய்க்காத அதே குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பாண்டு போட்டுக் கட்டி, மூன்று கட்டும் நாலு உதிரியும் முப்பத்து நாலு என்று காட்ட முடிகிறது. கட்டை அவிழ்த்தால் பத்து ஒன்றுகளாகும், ஒன்றுகளைச் சேர்த்தால் மறுபடி பத்தாகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சாதனத்தை நான் அறியேன்.

பால்வாடியில் மத்தியானம் தட்டு வைக்கும் பொறுப்பு அந்தச் சிறுமிக்கு வாய்த்தது. ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டே போனவள் கடைசிப் பையனுக்கு முன்னால் வெறுங்கையோடு நின்று, வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆயா, இன்னும் ஒரு தட்டு" என்றாள். தட்டுக்குச் சோறு வந்த கதை, காமராஜர் 1956-இல் மதிய உணவைத் தொடங்கிவைத்த எட்டயபுரத்திலிருந்து, அடுத்த வாரம்.