ஒளியைப் பிரித்துப் பார்ப்போம்

வெண்மையாகத் தோன்றும் ஒளிகள் யாவும் ஒரே தன்மையனவா? மாணவச் செல்வங்களே, இதனைச் சோதித்தறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பழைய இசைக் குறுந்தகடு ஒன்றே போதும். அதில் மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 625 நுண்வரிகள் உள்ளன. அவை ஒளியை நிறம் நிறமாக வெவ்வேறு திசைகளில் பிரித்தனுப்புகின்றன.

இன்சீனில் மின்சாரம் தடைப்படும் இரவுகளில் நாம் ஏற்றும் மெழுகுவர்த்தியின் ஒளியைத் தகட்டைச் சாய்த்துப் பார்த்தால், சிவப்பு முதல் ஊதா வரை நிறங்கள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. சுடரிலுள்ள கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதே காரணம். குழல்விளக்கிலோ பச்சை, நீலம் முதலியவை தனித்தனியே நிற்கின்றன. பாதரச ஆவி தரும் நிறக்கோடுகள் அவற்றுள் அடங்கும்.

ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளை உமிழ்கிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் சூரிய விளிம்புச் சுடர்களை நிறமாலைமானியால் ஆராய்ந்தனர். அச்சுடர்களின் மஞ்சள் கோடு, சமையலுப்பிலுள்ள சோடியத்தின் கோட்டுக்கு அருகில் இருந்தும் அதனோடு பொருந்தவில்லை என்பதை அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் லாக்யர் தெளிவுபடுத்தினார். அதுவே ஹீலியம். 1895-இல் ராம்சே அதனைப் புவியிலும் கண்டறிந்தார்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதிரவனையும் லேசர் ஒளியையும் தகட்டின் எதிரொளிப்பில்கூடப் பிள்ளைகள் நோக்குதல் கூடாது, விழித்திரை பழுதுபடும். மற்ற விளக்குகளை அவர்களுடன் அமர்ந்து பாருங்கள். கண்டவற்றைத் தமிழில் எழுதிவைக்கச் செய்யுங்கள்.