மாவு புளித்ததா, கல் காய்ந்ததா? ஃபார்ம் எப்படி இயங்குகிறது

விராட் கோலி லண்டனில் 7 டெஸ்ட் ஆடியிருக்கிறார். லார்ட்ஸில் 3, ஓவலில் 4. அந்த 14 இன்னிங்ஸிலும் சேர்த்து அவர் எடுத்தது 359 ரன். சதம் ஒன்றுகூட இல்லை. அரைசதமும் ஒன்றே ஒன்றுதான், 2021இல் ஓவலில் எடுத்த 50. ஈஸ்ட்ஹாமிலிருந்தும் ஹாரோவிலிருந்தும் டூட்டிங்கிலிருந்தும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போன தமிழர்கள் நேரில் கண்ட டெஸ்ட் கோலி இவர்தான். அவருடைய பெரிய சதங்களையெல்லாம் இவர்கள் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள்.

அதனாலேயே இந்த ஊரில் அவரைப் பற்றிய வாக்குவாதம் சூடாக நடந்தது. "ஆள் முடிஞ்சுது, ஃபார்ம் போச்சு" என்பார் ஒருவர். "ஃபார்ம் வரும் போகும், கிளாஸ் நிரந்தரம்" என்பார் பக்கத்து இருக்கைக்காரர். இருவரும் சாட்சிக்கு அழைப்பது ஸ்கோர்போர்டை. என்னைக் கேட்டால், அது பாதி சாட்சிதான். ஃபார்ம் எதனால் ஆனது என்று பிரித்துப் பார்க்காமல் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்க, சமையலறைக்குள் போவோம்.

தோசைக்கு மூன்று வேண்டும்: மாவு, கல், கை. மாவு ஒரு நாழிகையில் வருவதில்லை. அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும், அரைபட வேண்டும், புளிக்க வேண்டும். லண்டன் குளிரில் மாவு லேசில் பொங்காது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு இரவெல்லாம் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். நல்ல மாவு மெதுவாகத்தான் ஆகும், கெடுவதும் மெதுவாகத்தான். கல் அப்படியில்லை. கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். மின் அடுப்பாக இருந்தால் சூட்டைக் குறைத்த பிறகும் உடனே தணியாது. கை என்பது கரண்டியின் அழுத்தமும் சுழற்றும் வேகமும். பழக்கத்தில் வருவது, பழக்கத்தில் கெடுவது, முயன்றால் திருத்தக்கூடியது.

தோசை கருகி வந்தால் மூன்றில் எது காரணம்? தட்டில் கிடக்கும் தோசையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கிரிக்கெட்டில் ரன்தான் தோசை. ஆட்டக்காரரின் கண், உடல், இருபது வருடப் பயிற்சி எல்லாம் மாவு. ஆடுகளம், பந்து, வானம், எதிரே ஓடி வரும் பந்துவீச்சாளர் எல்லாம் கல். நிற்கும் நிலை, கால் நகரும் தூரம், மட்டை வரும் கோணம் எல்லாம் கை.

முதலில் கல்லைப் பார்ப்போம், லண்டன் கல் சாதாரணக் கல் அல்ல. இங்கே டெஸ்டுக்குப் பயன்படுவது டியூக்ஸ் பந்து. கிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோவில் இருக்கும் நிறுவனத்துடையது. அதன் ஆறு வரிசைத் தையலும் கையால் போடுவது. தையல் எடுப்பாக நிற்பதால் பந்து நெடுநேரம் காற்றில் வளையும், தரையில் பட்டும் திரும்பும். ஆஸ்திரேலியாவின் கூக்கபுரா பந்தில் அந்த வளைவு சீக்கிரமே அடங்கிவிடும். லார்ட்ஸில் இன்னொன்றும் உண்டு. மைதானத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஏறத்தாழ 2.5 மீட்டர் உயரம். பெவிலியன் முனையிலிருந்து வீசினால் பந்து வலக்கை ஆட்டக்காரருக்கு உள்ளே வரும், நர்சரி முனையிலிருந்து வீசினால் வெளியே போகும். இதோடு மேகமும் மூடிக்கொண்டால், எப்பேர்ப்பட்ட மாவும் அந்தக் கல்லில் ஒட்டும்.

அடுத்து, எத்தனை தோசை பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறோம் என்பது. ரசிகர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

2025 கோடையில் சுப்மன் கில் இங்கிலாந்தில் 10 இன்னிங்ஸில் 754 ரன் குவித்தார். இந்திய அணித்தலைவர் எவரும் ஒரு தொடரில் அவ்வளவு எடுத்ததில்லை. ஆனால் லார்ட்ஸில் அவர் எடுத்தது 16, 6. ஓவலில் 21, 11. லண்டன் ஆட்டங்களுக்கு மட்டும் போன ஒருவர் கண்டது 4 இன்னிங்ஸில் 54 ரன். அவர் வீட்டுக்கு வந்து "கில் ஒன்றும் சரியில்லை" என்று சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. மீதி 6 இன்னிங்ஸில் வந்த 700 ரன்னை அவர் நேரில் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 2018இல் கோலிக்கும் இதே கதை. தொடரில் 593 ரன், அதில் லண்டனில் மட்டும் 89.

கணக்கைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். கோலி 123 டெஸ்டில் 210 இன்னிங்ஸ் ஆடி 30 சதம் அடித்தார். ஏழு இன்னிங்ஸுக்கு ஒரு சதம். அவருடைய திறமை கடுகளவும் குறையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அடுத்தடுத்து 10 இன்னிங்ஸில் சதமே வராமல் போக ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. அதாவது 10 இன்னிங்ஸ் கொண்ட ஐந்து தொடர் ஆடினால் ஒன்றில் வெறுங்கையோடு திரும்புவது இயல்பு. பிராட்மனே 80 இன்னிங்ஸில் 7 முறை பூஜ்யத்துக்கு ஆட்டமிழந்தவர். 1948இல் ஓவலில் ஆடிய கடைசி இன்னிங்ஸும் அவற்றில் ஒன்று. 4 ரன் எடுத்திருந்தால் சராசரி 100 ஆகியிருக்கும். 99.94இல் நின்றது.

அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்பதற்கு 2018 எட்ஜ்பாஸ்டனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. முதல் இன்னிங்ஸில் கோலி 21இல் இருந்தபோது இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஆண்டர்சன் பந்தில் ஸ்லிப்பில் போன கேட்சை டேவிட் மலான் விட்டார். கோலி 149 எடுத்தார். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, அந்தக் கேட்ச் மட்டும் கையில் நின்றிருந்தால் தொடரின் மொத்தம் 593 அல்ல, 465. சராசரி 59.3 அல்ல, 46.5. ஒருவர் கையிலிருந்து நழுவிய ஒரு பந்து 13 ரன் சராசரியைத் தூக்கிக் கொடுத்தது. கோலியின் திறமையை அது கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஆக, கல்லும் சரி, அதிர்ஷ்டமும் சரி, தோசையை மாற்றிவிடும். பிறகு மாவையும் கையையும் எதை வைத்துச் சோதிப்பது? எப்படி ஆட்டமிழந்தார் என்பதை வைத்துத்தான். கருகிய தோசைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் கருகியிருந்தால் அது அன்றைய சூடு. எல்லாம் ஒரே இடத்தில் பிய்ந்தால் அது கையின் பழக்கம்.

2014இல் இங்கிலாந்தில் கோலியின் 10 இன்னிங்ஸ் இவை: 1, 8, 25, 0, 39, 28, 0, 7, 6, 20. கூட்டினால் 134. ஆண்டர்சன் மட்டும் அவரை 4 முறை வீழ்த்தினார். லார்ட்ஸின் இரண்டாம் இன்னிங்ஸில் பிளங்கெட் வீச, தான் சந்தித்த முதல் பந்தையே ஆடாமல் விட்டார், அது உள்ளே வந்து ஸ்டம்பைப் பெயர்த்தது. அந்த மாதங்களில் "இவர் இந்திய ஆடுகளப் புலி" என்று எழுதாதவர்கள் குறைவு. ஆனால் அதே டிசம்பரில் அடிலெய்டில் 115, 141. அந்த ஆஸ்திரேலியத் தொடரின் 4 டெஸ்டில் 692 ரன். மாவு கெட்டிருந்தால் நான்கே மாதத்தில் இப்படி நடக்குமா?

கெட்டிருந்தது கை. உள்ளே வரும் பந்தை எதிர்பார்த்து இடுப்பு முன்கூட்டியே திறந்துகொண்டது, வெளியே போகும் பந்துக்கு மட்டை துரத்திக்கொண்டு போனது. இதைப் பின்னர் கோலியே விளக்கினார். டெண்டுல்கரிடம் போய் உட்கார்ந்து இடுப்பின் நிலையையும் முன்காலை நன்றாக எடுத்து வைப்பதையும் பேசினார். ரவி சாஸ்திரி சொல்லி, கிரீஸுக்கு வெளியே நிற்கத் தொடங்கினார். பந்து முழுதாக வளைவதற்குள் அதைச் சந்திப்பதற்காக. 2018இல் திரும்பி வந்தபோது ஆண்டர்சனால் அவரை ஒருமுறைகூட வீழ்த்த முடியவில்லை. அதே கல், அதே மாவு, திருத்திய கை. ஒரு பெரிய ஆட்டக்காரர் தன் தவறை நான்கு வருடம் சுமந்து, பிரித்துப் பார்த்து, சரிசெய்துகொண்டு அதே இடத்துக்குத் திரும்பிய அந்தக் கோடையை நான் இன்றும் பெருமதிப்போடு நினைக்கிறேன்.

நம் கண்ணுக்கே படாத காரணமும் உண்டு. கால்பந்தில் ஓர் உதாரணம், 2025 வரை லண்டனின் டாட்டன்ஹாம் அணியில் ஆடிய சோன் ஹியுங்-மின். 2021-22 பிரீமியர் லீகில் 23 கோல் அடித்து, சாலாவோடு தங்கக் காலணியைப் பகிர்ந்துகொண்டவர். அடுத்த பருவம் தொடங்கி 8 ஆட்டம் கோலே இல்லை. 2022 செப்டம்பர் 17 அன்று லெஸ்டருக்கு எதிராக அவரைத் தொடக்க அணியிலேயே எடுக்கவில்லை. இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, கால் மணி நேர இடைவெளிக்குள் மூன்று கோல் அடித்தார். எல்லோரும் "திரும்பிவிட்டார்" என்றார்கள். திரும்பவில்லை, அந்தப் பருவம் லீகில் 10 கோலோடு முடிந்தது. பருவம் முடிந்ததும் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பருவம் முழுக்க வலியோடு ஓடியிருக்கிறார் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. அடுத்த பருவத்தில் 17 கோல். முப்பது வயதாகிவிட்டது, வேகம் போய்விட்டது என்று வாதாடியவர்களும், ஒரே ஹாட்ரிக்கை வைத்து எல்லாம் சரியென்று வாதாடியவர்களும் அந்த வலியை அறியாமல்தான் பேசினார்கள்.

இனி கடினமான பகுதி. 2019 முடிவில் கோலியின் டெஸ்ட் கணக்கு: 141 இன்னிங்ஸ், 27 சதம், சராசரி 54.97. அதற்குப் பிறகு ஓய்வுவரை 69 இன்னிங்ஸ், 3 சதம், சராசரி 30.72. பழைய வேகத்தில் ஆடியிருந்தால் 69 இன்னிங்ஸில் 13 சதம் வந்திருக்கும். பத்து தோசையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று வாதாடும் நான், அறுபத்தொன்பதைப் பார்த்த பிறகும் "பொறுங்கள், வரும்" என்று சொன்னால் அது நேர்மையாகாது. கல்லும் அந்த ஆண்டுகளில் கடினமாகத்தான் இருந்தது. இந்தியாவிலேயே பந்து முதல் நாளிலிருந்து திரும்பும் ஆடுகளங்கள் வந்தன, அவரோடு ஆடிய புஜாராவும் ரஹானேவும்கூடச் சரிந்தார்கள். ஆனாலும் 54இலிருந்து 30க்கு இறங்கியதைக் கல்லின்மேல் மட்டும் போட முடியாது.

2024-25 ஆஸ்திரேலியத் தொடர் எனக்கு ஐயத்தைத் தீர்த்தது. பெர்த்தில் ஆட்டமிழக்காமல் 100 எடுத்தார், அதையும் சேர்த்துத் தொடரில் 190 ரன். ஆட்டமிழந்தது 8 முறை. எட்டும் விக்கெட்டுக்குப் பின்னால் போன கேட்ச். அதில் நான்கை எடுத்தவர் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் போலண்ட். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்து, அதை விடமுடியாமல் போகும் மட்டை. 2014இல் இங்கிலாந்தில் பார்த்த அதே இடத்தில் மறுபடி பிய்ந்தது.

அப்படியானால் மாவே கெட்டுவிட்டதா? 2023 உலகக் கோப்பையில் 11 இன்னிங்ஸில் 765 ரன் எடுத்தவர் இதே மனிதர். எந்த உலகக் கோப்பையிலும் எவரும் அவ்வளவு எடுத்ததில்லை. ஒருநாள் ஆட்டத்தில் 50ஆவது சதத்தையும் அந்தத் தொடரிலேயே அடித்தார். 2025 பிப்ரவரியில் துபாயில் பாகிஸ்தானுக்கு எதிராகவும் சதம். வெள்ளைப் பந்து அதிகம் வளையாது, அந்தக் கல்லில் அவர் கை இன்னும் சரியாகவே சுழன்றது. கண் போயிருந்தால் இதுவும் போயிருக்கும்.

என் தீர்ப்பு இது. 2014இல் "முடிந்தார்" என்றவர்கள் தவறு. 2022க்குப் பிறகு டெஸ்ட் கோலி சரிகிறார் என்றவர்கள் சரி. அதை ஒருநாள் ஆட்டத்துக்கும் நீட்டியவர்கள் மறுபடியும் தவறு. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் கத்திக்கொண்டிருந்த இருவரும் உண்மையில் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஒருவர் சிவப்புப் பந்தைப் பேசினார், மற்றவர் வெள்ளைப் பந்தைப் பேசினார். கோலி 2025 மே 12 அன்று, 36 வயதில், இங்கிலாந்துப் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு டெஸ்டிலிருந்து விலகினார்.

அடுத்த முறை லார்ட்ஸுக்கோ ஓவலுக்கோ போகிறவர்கள், உங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரரின் ரன்னுக்குப் பக்கத்தில் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த மாதிரிப் பந்துக்கு ஆட்டமிழந்தார், அதற்கு முன்னால் கேட்ச் ஏதும் நழுவியதா, அன்று மற்ற ஆட்டக்காரர்கள் எவ்வளவு எடுத்தார்கள். இருபது இன்னிங்ஸ் குறித்த பிறகு வாதாட வாருங்கள். அதற்குள் ஒருவரை முடிந்தவர் என்று சொல்லிவிடாதீர்கள்.