அடுத்த ரயிலுக்கு ஆறு மணி நேரம்: சாந்தினி சௌக்கில் ஓர் உலா

புது தில்லி: சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி, இரண்டு இரவுகளை வண்டியிலேயே கழித்து, காலையில் புது தில்லி ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் பயணிகளில் பலருக்குத் தில்லி என்பது சேருமிடம் அல்ல, வண்டி மாறும் இடம். ஹரித்வாருக்கோ வாராணசிக்கோ அமிருதசரஸுக்கோ செல்ல வேண்டிய அடுத்த வண்டி பிற்பகலிலோ இரவிலோதான் புறப்படும். இடைப்பட்ட நேரத்தைப் பலரும் காத்திருப்பு அறையில் பெட்டிகளைக் காவல் காத்தபடியே கழித்துவிடுகின்றனர்.

அங்கிருந்து மெட்ரோ ரயிலில் இரண்டாவது நிறுத்தம் சாந்தினி சௌக். கையில் ஆறு மணி நேரம் இருந்தால் போதும். முகலாயர் காலத் தலைநகரின் முதன்மைக் கடைவீதியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்து, அங்கு மட்டுமே கிடைக்கும் சில பண்டங்களைச் சுவைத்துவிட்டு, அவசரமின்றி ரயிலடிக்குத் திரும்பிவிடலாம். ஆனால், அந்தச் சுவையில் ஒரு பகுதியை வழங்கும் தெருவோர வியாபாரிகளுக்கு அந்த வீதியில் நிற்க இடம் உண்டா என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் முடிவான விடை கிடைக்கவில்லை.

சுமையை இறக்கிவிட்டுப் புறப்படலாம்: ரயில் நிலையத்தின் பொருள் வைப்பறையில் பயணச்சீட்டைக் காட்டிப் பெட்டிகளை ஒப்படைக்கலாம். பூட்டப்படாத பெட்டிகளை ஏற்பதில்லை என்பதால், ஊரிலிருந்து புறப்படும்போதே பூட்டு ஒன்றை எடுத்து வருவது நல்லது. நிலையத்தின் அஜ்மீரி கேட் பக்கம் வெளியே வந்தால் மெட்ரோ நிலையம். அங்கிருந்து மஞ்சள் தடத்தில் சாவடி பஜாரைத் தாண்டியதும் சாந்தினி சௌக் வந்துவிடும். ஹரித்வார் செல்லும் வண்டிகளில் சில, பழைய தில்லி ரயில் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. அந்த நிலையம் சாந்தினி சௌக்கிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இருப்பது இன்னொரு வசதி.

நிலவொளி வீதி: ஷாஜஹான் தமது தலைநகரை ஆக்ராவிலிருந்து தில்லிக்கு மாற்றியபோது எழுந்தது செங்கோட்டை. 1639-ல் தொடங்கிய கோட்டைப் பணி 1648-ல் நிறைவடைந்தது. கோட்டை வாயிலிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் கடைவீதியை 1650-ஆம் ஆண்டு வாக்கில் அமைத்தவர் அவருடைய மகள் ஜஹானாரா பேகம். வீதியின் நடுவே கால்வாய் ஓடியது. இடையில் ஒரு குளம். அக்குளத்து நீரில் நிலவொளி விழுந்ததால் சாந்தினி சௌக் என்ற பெயர் வந்ததாகக் கூறுவர். பின்னாளில் கால்வாய் மூடப்பட்டது. குளம் இருந்த இடத்தில் ஆங்கிலேயர் ஆட்சியில் மணிக்கூண்டு எழுந்தது. அதுவும் 1951-ல் இடிந்து விழுந்தது. பெயரில் மட்டும் நிலவு எஞ்சியிருக்கிறது.

மெட்ரோ நிலையம் வீதியின் நடுப்பகுதியை ஒட்டி உள்ளது. எனவே முதலில் கிழக்கே செங்கோட்டை முனைக்குச் சென்று, அங்கிருந்து மேற்கே பதேபூரி மசூதி வரை நடந்து வருவதே வசதி. வீதியின் நீளம் சுமார் 1.3 கிலோமீட்டர்தான். நடக்க இயலாத முதியோருக்கு சைக்கிள் ரிக்ஷா உண்டு. ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ள வேண்டும். செங்கோட்டைக்குள் சென்று பார்க்க விரும்புவோர் அதற்கெனத் தனியாக இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். திங்கள்கிழமை கோட்டைக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வீதியின் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பறவைகளுக்கு ஒரு மருத்துவமனை: கோட்டைக்கு நேர் எதிரே சிவப்பு நிறக் கோபுரங்களுடன் நிற்பது திகம்பரர் லால் ஜைனக் கோயில். அதன் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை இயங்குகிறது. இறக்கை முறிந்த புறாக்கள், வெயிலில் மயங்கி விழுந்த கிளிகள் முதலியவற்றுக்கு இங்கு இலவசச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. சுதந்திர தினத்தையொட்டித் தில்லிவாசிகள் பட்டம் விடும் நாள்களில், நூல் அறுத்துக் காயமடைந்த பறவைகள் அதிக அளவில் கொண்டுவரப்படுவது வழக்கம். குழந்தைகளுடன் வருவோர் தவறவிடக்கூடாத இடம் இது.

சற்றுத் தொலைவில் சீஸ்கஞ்ச் குருத்வாரா. சீக்கியர்களின் ஒன்பதாவது குருவான தேக் பகதூர், ஒளரங்கசீப்பின் ஆணைப்படி 1675-ல் சிரச்சேதம் செய்யப்பட்ட இடம். காலணிகளைக் கழற்றி, கால்களைக் கழுவி, தலையைத் துணியால் மறைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே செல்லலாம். லங்கர் எனப்படும் பொது உணவுக் கூடத்தில் சாதி, மத வேறுபாடின்றி அனைவரும் தரையில் வரிசையாக அமர, ரொட்டியும் பருப்பும் பரிமாறப்படுகின்றன. விலை கொடுத்து வாங்கும் பண்டங்கள் நிறைந்த வீதியில், விலையே இல்லாத உணவும் கிடைக்கிறது. குருத்வாராவை அடுத்து நிற்கும் சுனேரி மசூதியிலிருந்துதான், 1739-ல் நாதிர் ஷாவின் படைகள் தில்லி மக்களைக் கொன்று குவித்ததை அவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று வரலாறு கூறுகிறது. ஜைனக் கோயில், குருத்வாரா, மசூதி எல்லாம் சில நிமிட நடைத் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன.

காலை உணவு: இவ்வீதியின் காலைப் பலகாரம் பேட்மி பூரி. உளுந்தை ஊறவைத்து அரைத்து, மசாலா சேர்த்து, கோதுமை மாவில் கலந்து பொரித்தெடுக்கும் இந்தப் பூரிக்குக் காரமான உருளைக்கிழங்குக் குழம்பு துணை. ரவையில் செய்யும் சிறு மொறுமொறு பூரியுடன் ரவைக் கேசரி போன்ற அல்வாவைச் சேர்த்துத் தரும் நாகோரி அல்வாவும் காலையில் மட்டுமே கிடைக்கும். முற்பகல் கடந்து கேட்டால் பாத்திரம் கழுவப்பட்டிருக்கும்.

தரீபா கலான் தெரு பிரியும் முனையில் உள்ள ஜிலேபிக் கடை, 1884-ல் தொடங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. நம் ஊர் ஜிலேபியைவிட இருமடங்கு தடிமனாக, நெய்யில் பொரித்து, சூடாகத் தருகின்றனர். அத்தெருவழியே சென்றால் வெள்ளி நகைக் கடைகளைக் கடந்து, 1656-ல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமா மசூதியை அடையலாம். அசைவம் உண்போருக்கு மசூதியை ஒட்டிய சந்துகளில் கபாப் கடைகள் உள்ளன. 1913 முதல் இயங்கிவரும் கரீம் உணவகமும் அங்குதான் இருக்கிறது.

சைவ உணவினர், குறிப்பாகத் தலயாத்திரை செல்வோர், பராத்தே வாலி கலி எனப்படும் பராத்தா சந்துக்குள் நுழையலாம். பராத்தா என்றதும் தோசைக் கல்லில் சுட்டெடுப்பதை எதிர்பார்த்தால் வியப்பே காத்திருக்கும். இங்கு பூரியைப் போல வாணலியில் மூழ்கவிட்டுப் பொரிக்கின்றனர். உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், முள்ளங்கி, பாகற்காய், அப்பளம், முந்திரி எனப் பல வகைப் பூரணங்கள் உண்டு. பூசணிக்காய்க் கூட்டும் புளிப்பும் இனிப்புமான சட்னியும் தொட்டுக்கொள்ள. வெங்காயம், பூண்டு சேர்க்காமல் சமைப்பது இச்சந்தின் பழைய மரபு. ஒரு காலத்தில் சந்து முழுவதும் பராத்தா கடைகள்தாம். இன்று சேலைக் கடைகளுக்கு நடுவே சில மட்டுமே மிஞ்சியுள்ளன.

மெட்ரோ நிலையத்துக்குச் செல்லும் வழியில் தஹி பல்லா விற்கும் சிறு கடை முன் எந்நேரமும் கூட்டம் நிற்கும். நம் தயிர் வடையின் வடநாட்டு உறவு இது. தாளிப்பு இல்லை, இனிப்புத் தயிரும் புளிச் சட்னியும் சீரகப் பொடியும் தூவித் தருகின்றனர். மேற்கு முனையில், பதேபூரி மசூதிக்கு அருகே ரபடி பாலூடா. அதையும் தாண்டினால் காரி பாவ்லி மசாலாச் சந்தை. மிளகாய் மூட்டைகளின் நெடியில் தும்மாமல் அச்சந்தையைக் கடப்பவர் அரிது.

பனிக்காலத்துப் பண்டம்: குளிர்காலத்தில் வருவோருக்கு மட்டும் வாய்ப்பது தௌலத் கீ சாட். பெயரில் சாட் இருந்தாலும் காரமோ புளிப்போ இல்லை. பாலையும் பாலேட்டையும் குளிர்ந்த இரவில் திறந்த வெளியில் வைத்து, விடியும் முன் கடைந்து, மேலே எழும் நுரையை மட்டும் வழித்தெடுத்து அடுக்குகின்றனர். குங்குமப்பூ நிறம், மேலே சிறிது கோவா, சர்க்கரைப் பொடி, பிஸ்தா. வாயில் இட்டதும் கரைந்துவிடும். வெயில் ஏறினால் தட்டிலேயே கரைந்துவிடும். ஆகவே தீபாவளிக்குப் பின் தொடங்கி, ஹோலி நெருங்கும்போது விற்பனை நின்றுவிடுகிறது.

இப்பண்டத்துக்குப் பெரும்பாலும் கடை கிடையாது. மெல்லிய துணி மூடிய பெரிய தட்டு ஒன்று, அதைத் தாங்கும் பிரம்புக் கால் ஒன்று. இவ்வளவுதான் வியாபாரியின் முதலீடு. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கவும், நகரச் சொன்னால் தூக்கிக்கொண்டு நகரவும் அந்தக் கால் வசதியானது. நகரச் சொல்லும் குரல் அடிக்கடி கேட்பதால் அது தேவையும்கூட.

அழகான வீதி, அகன்ற கேள்வி: நெரிசலுக்கும் தொங்கும் மின்கம்பிகளுக்கும் பெயர் பெற்றிருந்த இவ்வீதி முற்றிலும் சீரமைக்கப்பட்டு 2021 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டது. கம்பிகள் நிலத்துக்கு அடியில் சென்றன. சிவப்புக் கல் பதித்த நடைபாதை வந்தது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. வெளியூர்ப் பயணிகள் இன்று குடும்பத்துடன் நிம்மதியாக நடக்க முடிவது இதனால்தான். இச்சீரமைப்பு தேவையற்றது என்று யாரும் சொல்ல முடியாது.

அதே வீதி, தெருவோர வியாபாரம் அனுமதிக்கப்படாத பகுதியாகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளது. வாடகையும் வரியும் செலுத்தும் கடைக்காரர்கள், தங்கள் வாசலை மறித்து வியாபாரம் நடப்பதாக முறையிட்டனர். அங்கீகாரமற்ற வியாபாரிகளை அகற்றுமாறு தில்லி உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. மறுபக்கம், தெருவில் வியாபாரம் செய்வதும் அரசமைப்புச் சட்டம் வழங்கும் தொழில் உரிமையில் அடங்கும், அதை நியாயமான கட்டுப்பாடுகளுடன் முறைப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே கூறியுள்ளது. இதன் தொடர்ச்சியாகவே தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் நடைமுறைக்கு வந்தது. வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கி முடிக்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்பதும், நகர மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரையிலான வியாபாரிகளுக்கு இடமளிக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் முக்கிய அம்சங்கள்.

இரு தரப்பு நியாயங்களுக்கும் இடமளிக்க வழியே இல்லை என்று கூறிவிட முடியாது. அருகிலுள்ள தரியாகஞ்ச் நடைபாதையில் பல்லாண்டுகளாக நடந்துவந்த ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகச் சந்தை, நீதிமன்ற உத்தரவால் 2019-ல் அகற்றப்பட்டது. அச்சந்தையோடு எல்லாம் முடிந்தது என்றே வாசகர்கள் அஞ்சினர். ஆனால், அதே ஆண்டில் அருகிலேயே மகிளா ஹாட் வளாகத்தில் வியாபாரிகளுக்கு மாற்றிடம் கிடைத்தது. சைக்கிள் ரிக்ஷாக்களின் கதையும் இதுவே. ஒரு கட்டத்தில் சாந்தினி சௌக்கில் அவற்றுக்குத் தடை இருந்தது. நகரில் ரிக்ஷாக்களின் எண்ணிக்கைக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பை உயர் நீதிமன்றம் 2010-ல் ரத்து செய்தது. இன்று மோட்டார் வாகனங்கள் நுழையாத நேரத்தில் வீதியில் முதியோரைச் சுமந்து செல்பவை அதே ரிக்ஷாக்கள்தாம்.

1790-ல் தொடங்கிய கண்டேவாலா இனிப்புக் கடை 2015-ல் கதவை மூடியபோது நாடெங்கும் அது செய்தியாயிற்று. பெயர்ப்பலகை உள்ள கடைக்கு அந்தக் கௌரவம் உண்டு. தட்டும் பிரம்புக் காலுமாக நிற்பவர் ஒரு குளிர்காலத்தில் வராமல் போனால் அதைக் கவனிக்கக்கூட ஆள் இருக்காது. பராத்தாவும் ஜிலேபியும் கடைக்குள் இருப்பதால் தப்பிவிடும். நுரையைக் கடைந்து விற்கும் கலை, நிற்க இடம் இருந்தால் மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

வண்டிக்கு நேரமாயிற்று: தெருவில் உண்பதற்குத் தயங்குவோருக்குச் சில எளிய வழிகள் உண்டு. கண்முன்னே சூடாகப் பொரிப்பதை வாங்க வேண்டும். கூட்டம் அதிகம் உள்ள கடையில் பண்டம் தேங்குவதில்லை. குடிநீரைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். ஒருவர் ஒரு தட்டு என்று வாங்காமல், குடும்பத்துக்கு ஒரு தட்டு என்று வாங்கிப் பகிர்ந்தால் நான்கைந்து பண்டங்களைச் சுவைக்கலாம். இரவுப் பயணத்தில் வயிறும் தொல்லை தராது. சில்லறையாகப் பணம் வைத்திருப்பது நல்லது. திரும்பும்போது மெட்ரோவில் நெரிசல் இருக்கும் என்பதால், வண்டி புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகவே கிளம்பிவிட வேண்டும்.

வாராணசி செல்வோருக்கு மட்டும் ஒரு கூடுதல் செய்தி. தில்லியின் தௌலத் கீ சாட்டுக்கு நெருங்கிய உறவான பால் நுரை, காசியின் சந்துகளிலும் குளிர்காலக் காலைகளில் மண் குவளையில் விற்கப்படுகிறது. அங்கு அதன் பெயர் மலையோ. இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் சுவைத்து ஒப்பிடும் வாய்ப்பு, தில்லியில் வண்டி மாறும் பயணிக்குத்தான் கிடைக்கிறது. சாந்தினி சௌக்கில் அந்தத் தட்டு நிற்கும்வரை.