பூஸ்ட் வருவதற்கு முந்தைய நொடி

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், எங்கே நிற்கிறோம் என்று மூக்கு சொல்லிவிடும். ஒரு பக்கம் கருவாடும் கடல் உப்பும். இன்னொரு பக்கம் டீசல் புகை. நடுவே, முடி பொசுங்கினாற்போலவும் அட்டை கருகினாற்போலவும் ஒரு காரமான வாடை அவ்வப்போது வந்து போகும். துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் நாளில் அது தூக்கலாக இருக்கும். கிளட்ச் தீயும் வாடை அது.

அதே வரிசைக்குப் பக்கத்தில், டர்போ வைத்த தன் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு தினமும் வேலைக்குப் போய்வருகிறான் எங்கள் தெருத் தம்பி ஒருவன். மென்பொருளை மாற்றி பூஸ்ட்டை, அதாவது டர்போ இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் அழுத்தத்தை, கூட்டியிருக்கிறான். மூன்றாவது, நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் முள் துள்ளுகிறது, வண்டி துள்ளுவதில்லை. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. "எப்படியும் கியர்பாக்ஸை இறக்கப்போறோம். அப்படியே லைட் ஃப்ளைவீல் போட்டுட்டா பிக்கப் அள்ளுமாமே அண்ணே?" என்று கேட்டான். அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

கிளட்ச் எதற்கு என்பதை ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து தொடங்கலாம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. அந்த நீராவி இன்ஜினில் கிளட்ச் கிடையாது. கொதிகலனில் நீராவி ஏற்கெனவே அழுத்தத்தோடு காத்திருக்கிறது. சக்கரம் அசையாமல் நிற்கும்போதே பிஸ்டனை முழு பலத்தோடு தள்ள அதனால் முடியும். இன்று அதே நிலையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயிலுக்கும் கிளட்ச் இல்லை. நின்ற நிலையிலேயே மோட்டார் இழுக்கும்.

பெட்ரோல், டீசல் இன்ஜின்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுற்றிக்கொண்டிருந்தால்தான் அவற்றுக்கு பலம். சுற்று ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் உயிரே போய்விடும். சுற்றுகிற இன்ஜினையும் நிற்கிற சக்கரத்தையும் சண்டையில்லாமல் சேர்த்துவைக்க, நடுவில் வழுக்கிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அதுதான் கிளட்ச். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் ஒரு பக்கம், ஸ்பிரிங் பலத்தோடு அமுக்கும் பிரஷர் பிளேட் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவே உராயும் கிளட்ச் பிளேட்.

வழுக்கினால் சூடு. எவ்வளவு சூடு என்பதற்கு ஓர் அழகான கணக்கு உண்டு. சமதரையில், இன்ஜின் வேகத்தை மாற்றாமல் ஒரு வண்டியைக் கிளப்பினால், வண்டி எவ்வளவு இயக்க ஆற்றல் பெறுகிறதோ அதே அளவு ஆற்றல் கிளட்ச்சில் எரிந்து போகும். நீங்கள் எவ்வளவு நயமாகக் காலை எடுத்தாலும் இந்த வரி கட்டியே ஆகவேண்டும். 1,200 கிலோ காரை மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவந்தால் கிளட்ச்சில் இறங்குவது ஏறக்குறைய 1,160 ஜூல். சரக்கோடு 40 டன் இருக்கும் டிரெய்லருக்கு அது ஏறத்தாழ 39,000 ஜூல். 10 கிலோ வார்ப்பிரும்பை 8 டிகிரி சூடேற்ற அது போதும். எட்டு டிகிரிதானே என்று தோன்றும். வரிசையில் பத்தடி நகர்ந்து நின்று, மறுபடி பத்தடி நகர்ந்து நின்று, ஆறுவதற்குள் அடுத்த பத்தடி என்று ஐம்பது முறை நடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். பாதி மிதித்த ஹாஃப் கிளட்ச்சிலேயே ஊர்ந்தால் கணக்கு இன்னும் மோசம்.

ஃப்ளைவீலின் ஒரு வேலை இங்கேயே தெரிகிறது. அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் இரும்புப் பாத்திரம் அது. கனம் குறைந்தால் பாத்திரம் சிறுத்துவிடும். அதே சூட்டுக்கு வெப்பநிலை சீக்கிரம் எகிறும். ஃப்ளைவீல் விற்கிறவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இன்னொரு வேலையைக் காதால் கேட்க வேண்டுமென்றால் திருவொற்றியூருக்குப் போகவேண்டும். 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் அங்கேதான் தயாரானது. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஓட்டம், 346 சிசி, ஒரே சிலிண்டர். நாலு ஓட்ட இன்ஜினில் ஓர் ஓட்டம்தான் சம்பாதிக்கிறது, மற்ற மூன்றும் செலவழிக்கின்றன. ஒரே சிலிண்டர் என்றால் இரண்டு முழுச் சுற்றுக்கு ஒரே ஓர் உந்தல். அந்த 720 பாகை இடைவெளியில் இன்ஜின் மூச்சை விடாமல் பிடித்துக்கொள்வது கிராங்க் பெட்டிக்குள் இருக்கும் கனத்த சக்கரங்கள். 'டப்... டப்...' என்று இப்போதோ அப்போதோ நின்றுவிடும் போல ஓடி, கடைசிவரை நிற்காமல் ஓடும் அந்தப் பழைய புல்லட்டின் ஐடிலிங் முழுக்க ஃப்ளைவீலின் உபயம். சத்தத்துக்காகப் புல்லட் வாங்கினேன் என்று சொல்பவர் ஒருவகையில் இரும்பின் எடைக்காக வாங்கியிருக்கிறார்.

குயவரும் இதைத்தான் செய்கிறார். கோலால் சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிட்டுக் கோலைக் கீழே வைத்துவிடுவார். பானை எழும்பும் வரை சக்கரம் சுற்றும். எடை விளிம்பில் இருக்கவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். மையத்திலிருந்து தூரம் இரு மடங்கானால், அதே எடை நான்கு மடங்கு பிடிவாதம் காட்டும்.

இப்போது தம்பியின் காருக்கு வருவோம். டர்போ என்ன செய்கிறது என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் போதும். இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வந்த ஹூண்டாய் வென்யூவில் 1.2 லிட்டர் சாதா பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஏறத்தாழ 114 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு, தந்தது. அதே காரின் 1.0 லிட்டர் டர்போ, 1,500 சுற்றிலேயே 172 தந்தது. சின்ன இன்ஜின், பெரிய முறுக்கு. கிளட்ச்சுக்குக் குதிரைசக்தி பற்றிக் கவலையில்லை, இந்த முறுக்குதான் கவலை.

கிளட்ச் எவ்வளவு தாங்கும்? உராயும் முகங்கள் இரண்டு, உராய்வுக் கெழு 0.3, ஸ்பிரிங் அமுக்கம் 500 கிலோ, சராசரி ஆரம் 9 சென்டிமீட்டர் என்று ஒரு கிளட்ச்சை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் பெருக்கினால் 265 நியூட்டன் மீட்டர். 172-க்கு இது தாராளம். பூஸ்ட்டைக் கூட்டி 230 ஆக்கினாலும் தாளில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மாலை நெரிசலில் ஊர்ந்து பிளேட் கொதித்துப்போய், உராய்வுக் கெழு 0.25-க்கு இறங்கினால் தாங்கும் அளவு 220 ஆகிவிடும். காலையில் ஒழுங்காக இழுத்த வண்டி மாலையில் வழுக்குவது இதனால்தான். சில பேர் மெக்கானிக்கைச் சந்தேகப்படுவார்கள், பாவம்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, செராமிக் பட்டன் வைத்த பிளேட். சூட்டுக்கு அஞ்சாது, கனரக லாரிகளில் பார்க்கலாம். ஆனால் அது வழுக்கிக் கொடுக்கத் தெரியாத முரடன். பிடித்தால் பிடி, விட்டால் விடு. சிக்னலுக்குச் சிக்னல் கார் குதிக்கும். இன்னொன்று, கம்பெனி பிளேட்டைப் போன்ற ஆர்கானிக் லைனிங்கையும், நடுவில் அதிர்வை வாங்கும் ஸ்பிரிங்குகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, பிரஷர் பிளேட்டின் அமுக்கத்தை மட்டும் கூட்டுவது. மேலே சொன்ன கணக்கில் 500 கிலோவை 650 ஆக்கினால், பிளேட் சூடாக இருக்கும்போதும் 287 தாங்கும். பெடல் கொஞ்சம் கனக்கும், இடது கால் முணுமுணுக்கும். தினமும் ஓட்டும் காருக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். பூஸ்ட்டுக்கான ஏற்பாடு இதோடு முடிந்தது.

ஃப்ளைவீல் வேறு கதை. அது பூஸ்ட் வந்த பிறகு பேசுகிற சாமான் இல்லை, பூஸ்ட் வருவதற்கு முன்னால் பேசுகிற சாமான்.

வண்டியைக் கிளப்புவது 800 சுற்றுக்கும் 1,500 சுற்றுக்கும் நடுவில். அந்த இடத்தில் டர்போ இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. உங்களிடம் இருப்பது வெறும் ஒரு லிட்டர் இன்ஜின், அதுவும் பெரும்பாலும் மூன்று சிலிண்டர். ஆறு சிலிண்டர் லாரிக்கு 120 பாகைக்கு ஓர் உந்தல் கிடைக்கிறது. இதற்கு 240 பாகை காத்திருக்கவேண்டும். பாதி வழி புல்லட் பக்கம் போய்விட்ட இன்ஜின் இது. 26 சென்டிமீட்டர் விட்டமுள்ள 9 கிலோ வட்டத் தகடு ஒன்று 1,200 சுற்றிலிருந்து 800-க்கு இறங்கும்போது சுமார் 330 ஜூலைக் கடனாகக் கொடுக்கும். அதை 5 கிலோவாக்கினால் 185 தான் கிடைக்கும். மீதியை ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் கிளட்ச்சை அதிகமாக வழுக்கவிட்டும் ஈடுகட்டவேண்டும். அதாவது அதிகச் சூடு, அதுவும் குறைந்த இரும்பில். டர்போ இன்ஜின் எங்கே பலவீனமோ அங்கேயே போய் அடிக்கிறது லைட் ஃப்ளைவீல்.

சரி, பிக்கப் அள்ளுமா? முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுக்கு இன்ஜின் 14 சுற்று, டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றால், அந்த 4 கிலோவைக் குறைப்பது காரிலிருந்து 74 கிலோவை இறக்கியதற்குச் சமம். ஓர் ஆளை இறக்கிவிட்டது போல. கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் இந்த லாபம் கியர் விகிதத்தின் இருமடியோடு சேர்ந்து சரியும். விகிதம் 3.2 ஆக இருக்கும் டாப் கியரில் அது வெறும் 4 கிலோ. ஒரு சின்னப் பை அரிசி. பூஸ்ட் முழுதாக வேலை செய்யும் கியர்களில் லாபம் கரைந்துவிட்டிருக்கும். முதல் கியரில் 74 கிலோ இறங்கினாலும், துறைமுக வரிசைக்குப் பின்னால் நிற்கும்போது அதை வைத்து என்ன செய்வது?

லைட் ஃப்ளைவீலைக் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம். அதன் இடம் வேறு. செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் சென்னையின் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தபின் அங்கே போய்விட்டன. பந்தயத்தில் ஒரே ஒரு முறைதான் கிளப்பவேண்டும். அதன்பின் இன்ஜின் சுற்று உச்சத்திலேயே இருக்கும். கியர் மாற்றும்போது சுற்று சட்டென்று ஏறி இறங்குவது அங்கே தங்கம். ஐடிலிங் தடதடத்தால் யாருக்கும் கவலையில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. எங்கள் பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. இருக்கிற வார்ப்பிரும்பு ஃப்ளைவீலையே கடைந்து எடை குறைத்துக் கொடுக்கச் சிலர் தயாராக இருப்பார்கள். 6,500 சுற்றில் 13 சென்டிமீட்டர் ஆரத்து விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு கிராம் இரும்பும் சுமார் 6 கிலோ கனத்தோடு வெளியே இழுக்கும். வார்ப்பிரும்பு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரியும். மெலிந்த இடத்தில் ஒரு கீறல் விழுந்தால், துண்டுகள் கியர்பாக்ஸ் கூட்டைக் கிழித்துக்கொண்டு வருவது உங்கள் கால்களை நோக்கித்தான். முகத்தை மட்டும் லேசாகச் சீவிச் சமன் செய்வது வேறு விஷயம்; புது பிளேட் போடும்போது, தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்குள் அதைச் செய்யலாம்.

தம்பி பிரஷர் பிளேட்டை மாற்றிக்கொண்டான். ஃப்ளைவீல் பழையதுதான், கம்பெனி எடைதான். கிளட்ச் பெடல் மேலேயே கால் வைத்து ஓட்டும் பழக்கத்தை மட்டும் இன்னும் விடவில்லை. உங்களுக்கும் அது இருந்தால், முதலில் காலை எடுங்கள்.