நின்ற பதிலெல்லாம் சரியான பதிலா?

ஒரு மெல்லிய தங்கப் படலத்தின் மீது எலக்ட்ரான் கற்றை வந்து விழுகிறது. எத்தனை சதவீதம் மறுபக்கம் வெளியே போகும்? கேள்வி சின்னதுதான். ஆனால் கம்ப்யூட்டரிடம் கேட்டுப் பாருங்கள், தடவைக்கு ஒரு பதில் சொல்லும்! இந்தத் தலைப்பில் ப்ராஜெக்ட் செய்ய நினைப்பவர்களுக்காக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

உள்ளே போன எலக்ட்ரான் அணுக்களில் மோதும், திசை மாறும், சக்தி இழக்கும். எந்த மோதலில் எவ்வளவு திரும்பும் என்பது தற்செயல். அதனால் தாயக்கட்டை உருட்டுவது போல ரேண்டம் எண்களை வைத்துப் பாதை போடுகிறோம். இதுதான் மான்ட்டி கார்லோ முறை. மெட்ரோபாலிஸும் உலாமும் 1949-ல் இதே தலைப்பில் கட்டுரை வெளியிட்டார்கள். மொனாக்கோ நாட்டுச் சூதாட்ட விடுதிக்குப் பேர்போன இடத்தின் பெயர் அது!

முதல் சிக்கல், எண்ணிக்கை. 100 எலக்ட்ரான் விட்டோம், 50 வெளியே வந்தது. 50 சதவீதம் என்று எழுதிவிடலாமா? அதில் கூடக்குறைய 5 பிழை இருக்கிறது. 10,000 விட்டால் பிழை அரையாகும். அதாவது 100 மடங்கு உழைத்தால் பிழை 10 மடங்குதான் குறையும்.

படலம் தடித்தால் இன்னும் கஷ்டம். 10,000-க்கு ஒன்றுதான் தப்பிக்கும் என்று வையுங்கள். 10,000 விட்டால் ஒரு தடவை 0 வரும், மறு தடவை 2 வரும். பிழை 10 சதவீதத்துக்குள் வரணும்னா 100 எலக்ட்ரானாவது வெளியே வரணும். அதற்கு 10 லட்சம் விடணும். ஒரு தந்திரம் உண்டு. பாதி ஆழம் தாண்டிய எலக்ட்ரானைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு பங்கு எடை கொடுப்பார்கள். மொத்தம் மாறாது. ஆனால் பத்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! பிழை கணக்கிடும்போது தனித்தனி ஆளாக எண்ணக் கூடாது.

இரண்டாவது சிக்கல், எட்டு. நேரத்தை மிச்சம் பிடிக்கப் பல மோதல்களைச் சேர்த்து ஒரே எட்டாக வைக்கும் வழியை 1963-ல் மார்ட்டின் பெர்கர் விளக்கினார். தடித்த பொருளுக்கு அருமையான வழி. படலம் மெல்லியதானால் ஒரே எட்டில் எலக்ட்ரான் மறுபக்கம் போயிடும்! உள்ளே வளைந்து திரும்பியிருக்க வேண்டியது கணக்கிலேயே வராது. சரி, எட்டைச் சுருக்கினால்? ஒரு எட்டில் இரண்டு மூன்று மோதல்தான் மிஞ்சும். பல மோதல்களுக்கான சராசரிச் சூத்திரம் அங்கே செல்லாது. 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள எலக்ட்ரான் தங்கத்தில் சில நானோமீட்டருக்கு ஒரு முறை மோதுகிறது. ஆகவே சில பத்து நானோமீட்டர் படலத்துக்கு ஒவ்வொரு மோதலையும் தனித்தனியாகப் பின்தொடர்வதே நல்லது.

இங்கேதான் உஷாராக இருக்கணும். எண்ணிக்கைப் பிழை எலக்ட்ரானைக் கூட்டினால் குறையும். எட்டுப் பிழை 10 கோடி விட்டாலும் குறையாது. கிராஃப் அழகாகப் படுத்துவிடும். பதில் நின்றுவிட்டது, நின்ற இடம் தப்பு!

அப்படியானால் எதை நம்புவது? நான் சொல்லும் சோதனைகள் நான்கு:

1. ரேண்டம் எண்ணின் தொடக்கத்தை மாற்றிப் பத்து தடவை ஓட்டுங்கள். பதில்களின் சிதறலே உங்கள் பிழை.

2. எட்டைப் பாதியாக்குங்கள். பதில் அந்தப் பிழைக்கு மேல் நகர்ந்தால் வேலை முடியவில்லை.

3. கடந்தது, திரும்பியது, உள்ளே தங்கியது மூன்றையும் கூட்டுங்கள். 100 சதவீதம் வரணும்.

4. ரேண்டம் எண் தரும் வழியையும் மாற்றிப் பாருங்கள். 1960-களில் ஐ.பி.எம். கம்ப்யூட்டர்களில் ஓடிய ராண்டு என்ற வழியில், அடுத்தடுத்த மூன்று எண்களைப் புள்ளியாக வைத்தால் எல்லாமே வெறும் 15 தளங்களில் அடங்கிவிடும்!

மார்க்குக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. புற்றுநோய் சிகிச்சையில் எலக்ட்ரான் கற்றையின் அளவைத் திட்டமிடவும் இதே முறை பயன்படுகிறது. அங்கே தப்பான இடத்தில் நின்ற எண், ஒரு நோயாளியின் உடம்பில் போய் முடியும். ஆகவே நண்பர்களே, ரெக்கார்டில் பதிலை எழுதும்போது பக்கத்திலேயே பிழையையும் எழுதுங்கள். பிழை தெரியாத எண் பாதி எண்தான்!