வெந்நீரில் ஸ்மார்ட் வாட்ச்: ‘50 மீட்டர்’ உறுதியின் எல்லை எது?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்வோர், 22 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் ஏறுவதற்கு முன் கடக்கும் ஊர் கல்லாறு. அதே பெயருடைய ஆறு இங்கு வழவழப்பான உருண்டைக் கற்களுக்கிடையே ஓடி, வாமனபுரம் ஆற்றின் நீரோட்டத்தில் சேர்கிறது. விடுமுறை நாட்களில் திருவனந்தபுரத்திலிருந்தும் நாகர்கோவில் பகுதியிலிருந்தும் குடும்பங்கள் வந்து ஆற்றில் கால் நனைப்பது வழக்கம். கேரளப் பயணம் இதோடு முடிவதில்லை. ஆயுர்வேத நிலையத்தில் எண்ணெய்த் தேய்ப்பும் நீராவிக் குளியலும், விடுதியில் வெந்நீர்த் தொட்டியும் அடுத்தடுத்துக் காத்திருக்கின்றன.

இவை அனைத்திலும் மணிக்கட்டை விட்டு நீங்காத ஒரு பொருள் உண்டு. நடந்த அடிகளையும் இதயத் துடிப்பையும் உறக்கத்தையும் கணக்கிடும் ஃபிட்னஸ் பட்டை அல்லது ஸ்மார்ட் வாட்ச்தான் அது. “தண்ணீர் புகாது என்றுதானே விற்றார்கள்” என்ற நம்பிக்கையில் அதைக் கழற்றாமலேயே பலர் குளிக்கின்றனர். ஆற்று நீரைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பெரும்பாலும் செல்லும். நீராவி அறைக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் அது செல்லாது. காரணத்தை அறிந்துகொண்டால் பல ஆயிரம் ரூபாய் இழப்பையும், சில வேளைகளில் உடலுக்கு நேரும் ஊறையும் தவிர்க்கலாம்.

முத்திரை என்ன சொல்கிறது?

வங்கி வாடிக்கையாளருக்கு ஏடிஎம் என்றால் பணம் வழங்கும் இயந்திரம். கடிகாரத்தின் பின்புறத்தில் காணும் ‘5 ஏடிஎம்’ வேறு. அங்கே ஏடிஎம் என்பது வளிமண்டல அழுத்தத்தைக் குறிக்கும் அட்மாஸ்ஃபியர் என்னும் அலகு. ஓர் அட்மாஸ்ஃபியர் ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம். ஆகவே 5 ஏடிஎம் என்பது 50 மீட்டர் நீர் தரும் அழுத்தத்தைச் சோதனைக்கூடத்தில் கருவி தாங்கியது என்று பொருள்படும். அதை அணிந்து 50 மீட்டர் ஆழம் மூழ்கலாம் என்று பொருளல்ல. நீரில் கையை வேகமாக வீசும்போதும், குழாய் நீர் பீச்சியடிக்கும்போதும் அசையா நீரைவிடக் கூடுதல் அழுத்தம் விழுகிறது.

இத்தகைய கடிகாரங்களுக்கான பன்னாட்டுத் தர நெறி ஐஎஸ்ஓ 22810. ‘ஐபி 68’ என்பது ஐஇசி 60529 என்னும் மற்றொரு நெறியைச் சேர்ந்தது. அதில் 6 என்ற எண் தூசி புகாமையைக் குறிக்கும். 8 என்ற எண், ஒரு மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் உற்பத்தியாளர் தாமே குறித்த ஆழத்துக்கும் நேரத்துக்கும் கருவி தாங்கும் என்பதைக் குறிக்கும். அதனால் ஐபி 68 பெற்ற இரு கருவிகளின் தாங்குதிறன் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

வைப்புத்தொகை ஒன்றைத் தொடங்கும் வாடிக்கையாளரிடம் வட்டி விகிதத்தை மட்டும் பாராமல் நிபந்தனைகளையும் வாசிக்குமாறு நாங்கள் சொல்வதுண்டு. இங்கும் அதுவே பொருந்தும். இந்த முத்திரைகள் சாதாரண வெப்பநிலையில் உள்ள நன்னீரின் அழுத்தத்தைப் பற்றியவை. கொதிக்கும் காற்று, நீராவி, சோப்பு, எண்ணெய், குளோரின் ஆகியவற்றைப் பற்றி அவை உறுதி எதுவும் தருவதில்லை.

வெப்பம் எப்படி உள்ளே நுழைகிறது?

கடிகாரத்தின் கண்ணாடியும் உலோக உடலும் பசையாலும் மெல்லிய ரப்பர் வளையங்களாலும் இணைக்கப்பட்டுள்ளன. சூடேறும்போது கண்ணாடி ஓர் அளவும் உலோகம் வேறோர் அளவும் விரிகின்றன. இடையிலுள்ள பசை இளகுகிறது. ஒரு முறை நிகழ்ந்தால் தெரியாது. பல முறை நிகழ்ந்தால் இணைப்பில் மயிரிழை இடைவெளி தோன்றும்.

உள்ளே அடைபட்ட காற்றும் விரிகிறது. 30 டிகிரி செல்சியஸிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறினால் அதன் அழுத்தம் ஏறத்தாழ 20 விழுக்காடு உயரும். அந்த நிலையில் குளிர்ந்த நீரில் பாய்ந்தால் காற்று சட்டெனச் சுருங்கி, சிறு இடைவெளி வழியாகவும் வெளியிலுள்ள நீரை உள்ளிழுக்கும். சூடான அறையிலிருந்து நேரே குளிர்நீருக்கு ஓடும் பழக்கம் கருவிக்குக் கேடாவது இதனால்தான்.

நீராவியின் வழி இன்னும் நுட்பமானது. காற்றழுத்த உணரிக்காகவும் ஒலிவாங்கிக்காகவும் பல கருவிகளில் நுண்ணிய துளைகள் உள்ளன. நீர்த்துளி புகாதபடி அவற்றை ஒரு சவ்வு காக்கிறது. நீர் ஆவியாக இருக்கும்போது அதே சவ்வின் வழியே உள்ளே செல்ல முடியும். குளிர்ந்ததும் உள்ளேயே துளியாக மாறும். கண்ணாடியின் உட்புறத்தில் பனி படர்ந்தாற்போல் தெரிவது இதன் முதல் அடையாளம். பிறகு மின்சுற்று அரிக்கப்படும்.

சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. ஆதலால் நன்னீர் நுழையாத இடுக்கிலும் சோப்பு நீர் நுழைகிறது. எண்ணெய் ரப்பரையும் தோல் பட்டையையும் நாளடைவில் கெடுக்கிறது. லித்தியம் அயனி மின்கலமோ வெப்பத்தில் விரைவாக மூப்படைகிறது. அதன் கொள்ளளவு குறைகிறது, சில வேளைகளில் மின்கலம் உப்பவும் செய்யும்.

இடத்துக்கு இடம் வேறுபாடு

சூடேற்றப்பட்ட நீச்சல் குளம்: போட்டிக் குளங்களின் நீர் 25 முதல் 28 டிகிரி வரையே இருக்கும். 5 ஏடிஎம் பெற்ற, நீச்சலுக்கு உரியது என்று உற்பத்தியாளர் கூறும் கருவிக்கு இதனால் இடரில்லை. குளோரின்தான் கவனிக்க வேண்டியது. வெளியே வந்ததும் நன்னீரில் அலசித் துடைக்க வேண்டும்.

வெந்நீர்த் தொட்டி: நீரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. வெப்பம், வேதிப்பொருள், பீச்சும் நீர் மூன்றும் இங்கே சேருகின்றன. கழற்றிவிடுவதே நல்லது.

நீராவிக் குளியலும் வேது பிடித்தலும்: வெப்பநிலை சானாவைவிடக் குறைவு. ஆயினும் காற்று முழுவதும் ஈரம்; உடலில் எண்ணெயும் இருக்கும். கருவிக்கு மிகப் பொருந்தாத இடங்களில் இது ஒன்று.

சானா: 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற பின்லாந்து சானாவில் காற்று 80 முதல் 100 டிகிரி வரை சூடாக இருக்கும். கருவி கெடுவதோடு, சூடேறிய உலோகம் மணிக்கட்டைச் சுடவும் கூடும்.

வெந்நீர் ஊற்றுகள்: இமாச்சலப் பிரதேசத்தின் மணிகரண் ஊற்று நீரில் அரிசியை வேக வைக்கிறார்கள். இத்தகைய ஊற்றுகளுக்கு அருகே கருவியோடு செல்வதும் தகாது.

தயாரிப்பாளர்களும் இதை மறைப்பதில்லை. வெந்நீர்த் தொட்டியிலும் சானாவிலும் அணிய வேண்டாம் என்பது ஃபிட்பிட் நிறுவனத்தின் அறிவுரை. ஆப்பிள் வாட்ச்சின் வழக்கமான வகைகள் 0 முதல் 35 டிகிரி வரையான சூழலில் பயன்படுத்தவே வடிவமைக்கப்பட்டவை. நீர் எதிர்ப்பு நிலையானதன்று, காலப்போக்கில் குறையக்கூடியது என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. ஈராண்டுக்கு முன் ஆற்றில் நனைந்தும் பழுதாகாத கடிகாரம் இவ்வாண்டும் அவ்வாறே இருக்கும் என்று கொள்வதற்கில்லை.

அங்கே காட்டும் எண்ணை நம்பலாமா?

பின்புறம் மின்னும் பச்சை ஒளி தோலுக்குள் சென்று, இரத்த ஓட்டத்துக்கேற்ப மாறித் திரும்புகிறது. அந்த மாற்றத்திலிருந்தே கருவி துடிப்பைக் கணக்கிடுகிறது. தோலுக்கும் உணரிக்கும் இடையே நீரோ வியர்வையோ எண்ணெயோ படிந்தால் கணக்கு தவறும்.

வெப்பத்தில் உடல் தன்னைக் குளிர்விக்கத் தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. இதயத் துடிப்பு உயர்கிறது. உட்கார்ந்திருப்பவரின் துடிப்பு உயர்வதைக் கருவி உடற்பயிற்சி என்று எண்ணி, செலவாகாத கலோரியையும் செலவாகக் காட்டலாம். குறைந்ததாகத் தெரியும் எடையும் பெரும்பாலும் வியர்வையாகப் போன நீரே. தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. “கடிகாரம் இன்னும் எச்சரிக்கவில்லை” என்று நீராவி அறையில் நீண்ட நேரம் அமர்வது தவறு. தலைசுற்றல், குமட்டல், படபடப்பு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் உடனே வெளியேற வேண்டும். இதய நோயோ இரத்த அழுத்தக் கோளாறோ உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே இத்தகைய குளியலுக்குச் செல்ல வேண்டும்.

பழுதானால் இழப்பு யாருடையது?

நீர் புகுந்ததால் ஏற்படும் பழுதைப் பல உத்தரவாதங்கள் விலக்கிவைக்கின்றன. விளம்பரத்தில் நீர் எதிர்ப்பு பெரிய எழுத்தில் இருக்க, விலக்கு சிறிய எழுத்தில் இருப்பது உலகெங்கும் வழக்காகியுள்ளது. இதே வகை நீர் எதிர்ப்பு முத்திரை தாங்கிய செல்பேசிகள் தொடர்பாக, 2020 நவம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிள் நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022 ஜூனில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் சாம்சங்கின் அந்நாட்டு நிறுவனத்துக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தை விளம்பரங்கள் உண்டாக்கின என்பதே அவ்வழக்கின் சாரம்.

நம் நாட்டிலும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு எதிராக நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 துணை நிற்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால், அணிய வேண்டாம் என்று கையேடு வெளிப்படையாகக் கூறிய இடத்தில் அணிந்திருந்தால் முறையீடு வலுவிழக்கும். மாதத் தவணையில் வாங்கியவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: கடிகாரம் நின்றாலும் தவணை நிற்பதில்லை.

கழற்றிய பின் எங்கே வைப்பது?

கழற்றுங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. கழற்றிய கடிகாரத்தில் பணத்துக்கான வழியும் இருக்கலாம். டைட்டன் நிறுவனம் 2020இல் பாரத ஸ்டேட் வங்கியுடன் சேர்ந்து, பட்டையிலேயே சில்லு பொருத்திய, தொட்டுப் பணம் செலுத்தும் கைக்கடிகாரங்களை அறிமுகப்படுத்தியது. அட்டை வழியான தொடுகையற்ற பரிவர்த்தனைகளில் ரூ.5,000 வரை பின் எண் தேவையில்லை என்ற வரம்பு 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. செல்பேசியோடு இணைந்த ஸ்மார்ட் வாட்ச்சின் திரையில் ஓடிபி குறுஞ்செய்தியும் தோன்றலாம். ஆற்றங்கரைப் பாறையிலோ உடைமாற்றும் அறையின் பலகையிலோ விட்டுச் செல்லும் கடிகாரம், திறந்து வைத்த பணப்பைக்கு ஒப்பாகலாம்.

எனவே, கடவுக்குறியீட்டை அமைத்து, மணிக்கட்டிலிருந்து கழற்றியதும் தானாகப் பூட்டும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள். தொடுகையற்ற பரிவர்த்தனையை வேண்டும்போது நிறுத்தவும் உச்சவரம்பைக் குறைக்கவும் வங்கிச் செயலியில் வழியுண்டு. பயணத்துக்கு முன் அதைச் செய்துகொள்ளலாம்.

தொலைந்துவிட்டால் வீடு திரும்பும்வரை காத்திராமல் உடனே வங்கிக்குத் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பு, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரையே சாரும். தெரிவித்த பின் நேரும் இழப்பை வங்கி ஏற்கும். அறிவிப்பில் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணமதிப்புடையது.

சுருக்கமாகச் சில நினைவூட்டல்கள்

1. சானா, நீராவி அறை, வெந்நீர்த் தொட்டி, எண்ணெய்க் குளியல் ஆகியவற்றுக்கு முன் கருவியைக் கழற்றிப் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள்.
2. குளத்திலும் ஆற்றிலும் அணியும் முன் கையேட்டில் நீச்சலுக்கு அனுமதி உள்ளதா என்று பாருங்கள். பின்னர் நன்னீரில் அலசி, மென்துணியால் துடையுங்கள்.
3. கீழே விழுந்த, கண்ணாடி கீறிய, ஒரு முறை பிரித்துப் பழுது பார்த்த கருவியை நீரில் நனைக்காதீர்கள்.
4. ஈரமான கருவியை மின்னேற்றியில் பொருத்தாதீர்கள். உட்புறம் பனி படர்ந்தால் கருவியை அணைத்துச் சேவை மையத்துக்குக் கொண்டு செல்லுங்கள்; அடுப்பருகிலோ வெயிலிலோ காய வைக்க வேண்டாம்.
5. விலைச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் படமெடுத்துச் சேமித்து வையுங்கள்.

அரை மணி நேரக் குளியலின் கணக்கு விடுபட்டால் உடல்நலத்துக்கு எந்தக் குறையும் வராது. அந்த அரை மணி நேரம் கடிகாரம் பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும்.